ஸ்விஃப்ட் காருக்கு 14 அங்குலத்திலிருந்து மாறும்போது டயரும் ரிம்மும் எவ்வளவு அகலம் இருக்கலாம்?

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மாருதி சுசுகி ஸ்விஃப்ட், 1197 சிசி பெட்ரோல், விஎக்ஸ்ஐ வகை. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. வாங்கியபோது வந்த 14 அங்குல இரும்பு ரிம்களில் 165/80 ஆர்14 டயர்களையே தொடர்ந்து போட்டு வருகிறேன்; ரிம்மின் உட்புறத்தில் 14×5ஜே (14 அங்குல விட்டம், 5 அங்குல அகலம்) என்று பொறித்திருக்கிறது. இப்போதுள்ள டயர்கள் தேய்மானக் குறியை நெருங்கிவிட்டதால் நான்கையும் மாற்றியாக வேண்டும். அதோடு ரிம்களையும் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

சேலத்தில் குடியிருப்பதால் ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறேன். அவ்வப்போது கொல்லிமலைக்கும் செல்வதுண்டு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி சற்றுத் தாமதித்தே திரும்புகிறது. கொஞ்சம் வேகம் கூடினாலும் முன் டயர்கள் கிறீச்சிட்டு, வண்டியின் மூக்கு வளைவின் வெளிப்பக்கமாக நழுவிக்கொண்டு போகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் சொந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும் நாட்களில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு. ஆனால் குடும்பத்தோடு உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போய் வருவதும் இதே வண்டியில்தான்.

கடையில் விசாரித்தபோது 17 அங்குலத்தில் 7.5ஜே ரிம்மும் 215/45 டயரும் போடலாம் என்றார்கள். அது அதிகம் என்று தோன்றினால் 16 அங்குலத்தில் 7ஜே ரிம்மும் 205/50 டயரும் போடலாம் என்றார்கள். நண்பர் ஒருவரோ 15 அங்குலத்தில் 195/60 போதும் என்கிறார். டயர் அகலமானால் பிடிமானம் கூடும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு டயருக்கு எத்தனை ஜே ரிம் பொருந்தும் என்பதை எப்படி முடிவு செய்வது? பிக்கப்பும் மைலேஜும் எவ்வளவு பாதிக்கப்படும்? தோற்றம் எனக்கு இரண்டாம்பட்சம். வண்டி நன்றாகத் திரும்ப வேண்டும், நன்றாக நிற்க வேண்டும்.

விட்டமும் ஆரமும் எழுதியது:

வணக்கம் நண்பரே. டயரின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ரிம் தேடுவதுதான் கடைகளில் வழக்கம். நீங்கள் மொத்த விட்டத்தில் தொடங்கி, வண்டி தாங்கக்கூடிய ரிம்மின் எடைக்கும் அகலத்துக்கும் வந்து, டயரின் அகலத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். இந்த வரிசையில் போனால் பாதிக் குழப்பம் தானாகவே விலகிவிடும்.

விட்டத்தைக் கணக்கிடுவது எளிது. 165 மி.மீ. அகலத்தில் 80 விழுக்காடு என்பது 132 மி.மீ. பக்கச்சுவர் உயரம், மேலும் கீழும் சேர்த்து 264, அதனுடன் 14 அங்குலத்துக்கு உரிய 355.6-ஐக் கூட்டினால் 619.6 மி.மீ. உங்கள் காரின் இசட்எக்ஸ்ஐ வகைக்கு நிறுவனமே கொடுத்த 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 621.5 வரும். 195/60 ஆர்15-க்கு 615, 195/55 ஆர்16-க்கு 620.9, 205/50 ஆர்16-க்கு 611.4, 215/45 ஆர்17-க்கு 625.3. எல்லாமே ஒன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுவதால் வேகமானி, ஏபிஎஸ், கியர் விகிதம் ஆகியவற்றைப் பற்றிய கவலை இங்கே இல்லை. விட்டம் சரியாக இருக்கிறது என்பதைக் காட்டியே 17 அங்குலத்தை விற்றுவிடுவார்கள். விட்டம் சரியாக இருப்பது முதல் படி மட்டுமே.

அடுத்து உங்கள் முதன்மைக் கேள்வி. சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பை ஏறக்குறைய அந்தச் சக்கரத்தின் மீதுள்ள எடையும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும் தீர்மானிக்கின்றன. ஓட்டுநரோடு சேர்ந்து உங்கள் வண்டியின் ஒரு முன் சக்கரத்தின் மீது சுமார் 320 கிலோ இருப்பதாகக் கொள்வோம். 30 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.1 கிலோ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 150 சதுர செ.மீ. வரும்; டயர் 165 ஆக இருந்தாலும் 205 ஆக இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. பக்கச்சுவரின் விறைப்பினாலும் ட்ரெட்டின் (தரையைத் தொடும் மேற்பரப்பின்) பள்ளங்களினாலும் சிறிது வேறுபாடு வருமே தவிர, அகலம் கூடிய அளவுக்குப் பரப்பு கூடிவிடுவதில்லை. மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். ஒடுக்கமான டயரில் அது வண்டி போகும் திசையில் நீண்டிருக்கும், அகலமான டயரில் குறுக்கே விரிந்து நீளத்தில் சுருங்கிவிடும்.

அப்படியானால் அகலமான டயர் வளைவில் நன்றாகப் பிடிப்பது ஏன்? வளைவில் டயர், அது நோக்கும் திசையிலிருந்து சற்று விலகிய கோணத்தில்தான் உருள்கிறது. தரையைத் தொடும் பகுதியின் முன் விளிம்பில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, பின்னால் போகப் போகப் பக்கவாட்டில் இழுபட்டு, பின் விளிம்பை நெருங்கும்போது வழுக்கத் தொடங்குகிறது. அந்தப் பகுதி நீளமாக இருந்தால் பின்பாதி சீக்கிரமே வழுக்கிவிடும். குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் பெரும்பகுதி ஒட்டியபடியே இருக்கும். குறைந்த கோணத்திலேயே தேவையான பக்கவிசை பிறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்புவதாக நாம் உணர்வதற்கு இதுவே காரணம். வெப்பம் அதிக ரப்பரில் பகிரப்படுவதும், அதனால் இன்னும் மென்மையான ரப்பர் கலவையைப் பயன்படுத்த இடம் கிடைப்பதும் கூடுதல் ஆதாயங்கள். ஆனால் 165-இலிருந்து 185-க்கோ 195-க்கோ போகும்போது உணரும் வேறுபாட்டை, 195-இலிருந்து 215-க்குப் போகும்போது இந்த எடையும் இந்த எஞ்சினும் உள்ள வண்டியில் உணர முடியாது.

ரிம் அகலத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் தாமதத்தில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகல வரம்பு உண்டு. 165/80 ஆர்14-க்கு 4 முதல் 5.5ஜே, 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5ஜே, 195/60 ஆர்15-க்கும் 195/55 ஆர்16-க்கும் 5.5 முதல் 7ஜே, 205/50 ஆர்16-க்கு 5.5 முதல் 7.5ஜே, 215/45 ஆர்17-க்கு 7 முதல் 8ஜே. டயரின் அகலத்தை அளந்து அச்சிடுவதற்கென்று ஓர் அளவு ரிம்மும் உண்டு; 195-க்கு அது 6ஜே. அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் போட்டால் அதன் உடல் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும்.

வரம்பின் கீழ் எல்லையில் இருக்கும் ரிம்மில் டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். வளைவில் ரிம் ஒரு பக்கம் நகர்ந்த பிறகே ட்ரெட் அதைப் பின்தொடரும். ரிம் சற்று அகலமானால் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், ஸ்டியரிங்கின் அசைவு உடனே தரைக்குப் போய்ச் சேரும். ஒரே 195 டயர் 5.5ஜே ரிம்மில் ஒரு விதமாகவும் 6.5ஜே ரிம்மில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். 5.5ஜே ரிம்மில் 205 போடுவதை விட, 6ஜே ரிம்மில் 195 போட்ட வண்டி கையில் துல்லியமாக இருக்கும். மேல் எல்லையைத் தாண்டி டயரை இழுத்து மாட்டுவது வேறு வகைத் தீமை. பள்ளத்தில் விழும்போது முதலில் அடிவாங்குவது ரிம்மின் விளிம்பு, குறைந்த அழுத்தத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகும் ஆபத்தும் கூடும்.

எடையை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். 17 அங்குல வார்ப்பு ரிம்மும் அதன் டயரும் சேர்ந்து, இப்போதிருப்பதை விடச் சக்கரத்துக்கு நான்கு கிலோ கூடுதல் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் எடை 16 கிலோ கூடுகிறது. அது சுழலும் எடை, அதுவும் வெளிவட்டத்தை ஒட்டிச் சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகக் கணக்கில் வரும். ஒரு டன்னை ஒட்டிய வண்டிக்கு அது மூன்று விழுக்காடு; பிக்கப்பில் மெல்லத் தெரியும், நகருக்குள் மைலேஜிலும் தெரியும். அதைவிட முக்கியமானது, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடுவதால் மேடு பள்ளங்களில் சக்கரம் தரையை விட்டு எழும்பி, திரும்பி வரத் தாமதமாகும் என்பது. தரையைத் தொடாத டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்குப் பிடிமானம் கிடையாது.

என் தேர்வு 15 அங்குலம், 6ஜே, 195/60. எடை குறைந்த ரிம் கிடைத்தால் மட்டும் 16 அங்குலம், 6.5ஜே, 195/55.

பட்டறை வாசல் எழுதியது:

கோவையில் டயர் மாட்டும் வேலையைத் தொழிலாகச் செய்பவன் நான். மேலே நண்பர் சொன்ன கணக்குகளில் எனக்கு மாறுபாடு இல்லை. வண்டியில் மாட்டும்போது வரும் சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

ரிம்மின் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஆஃப்செட்டை மறந்துவிடுகிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் அச்சுமுனையில்) போய் அமரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஈடி என்று பொறித்திருக்கும் எண். 5.5ஜே, ஈடி 45 ரிம்மிலிருந்து 7ஜே, ஈடி 40 ரிம்முக்கு மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது, பாதிப் பாதியாக ஒவ்வொரு பக்கமும் 19. ஆஃப்செட் 5 குறைந்ததால் உள்பக்கம் 14 மி.மீ.யும் வெளிப்பக்கம் 24 மி.மீ.யும் நீளும். உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே அந்த 14 மி.மீ. இருக்கிறதா? வெளிப்பக்கத்தில் நான்கு பேரும் சாமான்களும் ஏறியிருக்கும்போது பின் மட்கார்டின் உதடு டயரில் உரசாதா? இவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். அதே 5.5ஜேயிலிருந்து 6ஜே, ஈடி 45-க்குப் போனால் இரு பக்கமும் ஆறு மி.மீ. சொச்சம்தான் கூடும்.

ஒரே ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே என் சுண்டுவிரல் தடையில்லாமல் போய் வர வேண்டும் என்பதை நான் அளவாக வைத்திருக்கிறேன். நான்கையும் மாட்டி ஓட்டிய பிறகு வீல் ஆர்ச்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை டார்ச் அடித்துப் பாருங்கள். உரசல் இருந்தால் கறுப்பாக, பளபளவென்று தேய்ந்த ஒரு கோடு தெரியும். பலர் சத்தம் கேட்டால்தான் உரசல் என்று நினைக்கிறார்கள், சத்தம் வருவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே அந்தக் கோடு வந்துவிடும்.

ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளி வைப்பது பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் முன்சக்கர இழுவை வண்டியில் அது ஸ்டியரிங்கைக் கெடுக்கும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்பேசர் தகடு போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், ஹப்பின் நடுத்துளை 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்துமாறு 67.1 அல்லது 73.1 மி.மீ. துளையோடு வரும். இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் இல்லாமல் மாட்டினால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். பழியை டயரின் மீது போட்டுவிட்டுப் போவார்கள். ஹோண்டா பிரியோவின் பழைய அலாய்கள் அதே நான்கு போல்ட் வட்டத்தில் கிடைக்கும். அவற்றின் நடுத்துளை 56.1 என்பதால் அங்கும் வளையம் வேண்டும். ஹோண்டாவின் நட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுசுகி நட்டின் புரி 1.25 மி.மீ. இடைவெளி, ஹோண்டாவுடையது 1.5, விட்டம் ஒன்றாக இருப்பதால் முதலில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு போல்ட்டின் புரியை அரைத்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கப்படும் கார் டயர்களுக்கு அது கட்டாயம். பாரக் குறியீட்டையும் பாருங்கள். உங்கள் பழைய டயரில் 85 என்று இருக்கும். ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். புதியது அதற்குக் குறையக் கூடாது. ரிம் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பாலிசியில் சேர்த்துக்கொள்வதும் அவசியம். 185/65 ஆர்15 உங்கள் மாடலின் மேல் வகையில் நிறுவனமே கொடுத்த அளவு என்பதால், அதற்குள் நின்றுகொண்டால் கேள்வி எழ வாய்ப்பே குறைவு.

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 17 அங்குலத்தைக் கைவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பந்தயத் தளத்துக்குப் போகும் சிலர் 195/50 ஆர்15 போடுவதாகக் கேள்விப்பட்டேன். பக்கச்சுவர் இன்னும் குட்டையாக இருப்பதால் அது 195/60-ஐ விட நன்றாகத் திரும்பும் அல்லவா? இரண்டுக்கும் ரிம் ஒன்றுதான் என்பதால் கேட்கிறேன்.

இடது முன் டயர் எழுதியது:

இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுபவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். 195/50 ஆர்15 தளத்துக்கு மிக நல்ல அளவு என்பதில் ஐயமில்லை. 6.5ஜே அல்லது 7ஜே ரிம்மில் போட்டால் அது சொன்னபடி கேட்கும். மென்மையான கலவைகளும் அந்த அளவில் கிடைப்பதுண்டு. ஆனால் அதன் விட்டம் 576 மி.மீ. மட்டுமே. உங்கள் டயரை விட ஏழு விழுக்காடு சிறியது. வண்டி ஏறத்தாழ 22 மி.மீ. தாழ்ந்துவிடும், 170 மி.மீ. தரை இடைவெளி 148 ஆகும். ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் ஏழரை விழுக்காடு கூடுதலாகச் சுற்றும். அது தளத்தில் வளைவிலிருந்து வெளியேறும்போது நன்மை, உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் மணிக்கணக்காக ஓட்டும்போது தொல்லை. அந்த டயரின் பாரக் குறியீடு பொதுவாக 82, அதாவது 475 கிலோ. நண்பர் பட்டறை வாசல் சொன்ன 515-க்குக் குறைவு. குடும்பத்தோடு பயணம் செய்யும் வண்டிக்கு அந்த ஒரு காரணமே போதும், வேண்டாம் என்று சொல்வதற்கு.

அதைவிட நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அகலத்துக்குச் செலவிட எண்ணும் தொகையை ரப்பரின் கலவைக்குச் செலவிடுங்கள். மைலேஜுக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் செய்யப்பட்ட 205 டயரை, பிடிமானத்துக்காகச் செய்யப்பட்ட 185 டயர் உலர்ந்த சாலையிலும் நனைந்த சாலையிலும் பின்தள்ளிவிடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் நேராக நிற்கும்போது அகலத்தின் பங்கு சிறியது, கலவையின் பங்கு பெரியது. ஒரே அளவில் நான்கு நிறுவனங்களின் டயர்களை வரிசையாக வைத்துக்கொண்டு, பாரமும் வேகக் குறியீடும் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுவது பெரும் பிழை.

மற்றொன்று கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம். ஸ்விஃப்டின் முன்பக்க சஸ்பென்ஷன் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க முன் சக்கரமும் வெளியே சாய்கிறது. டயரின் வெளி விளிம்பு மட்டும் தரையை அழுத்த, உள் பாதி சும்மா உருள்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் வலப்பக்க வளைவுகளே மிகுதி என்பதால் இடது முன் டயரின் வெளித்தோளைப் பார்த்தாலே இது புரியும். அங்கே ரப்பர் இறகு போலச் சுருண்டு உரிந்திருக்கும், இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் பார்த்தால் ட்ரெட் புதிது போல இருக்கும். தட்டையான ட்ரெட் கொண்ட அகலமான, குட்டைச் சுவர் டயர் இந்தச் சாய்வை இன்னும் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும். அதனால் சாய்வைக் கட்டுப்படுத்தாமல் 205 போடுபவர், வாங்கிய அகலத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்தவே போவதில்லை. தேய்ந்த ஷாக் அப்சார்பர்களையும் புஷ்களையும் மாற்றி, கேம்பர் போல்ட் போட்டு முன்பக்கம் சிறிது எதிர்மறைக் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது) கொடுத்து, டோவை (சக்கரங்கள் முன்நோக்கும் கோணத்தை) சரிசெய்த ஸ்விஃப்ட் 185/65 டயரிலேயே வெகு அழகாகத் திரும்பும். மூக்கு வெளியே நழுவுகிறது என்று நீங்கள் எழுதியதற்கு மருந்து பாதி இங்கே இருக்கிறது.

நனைந்த சாலை எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் உலர்ந்த சாலையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். கேட்பவர் ஐப்பசி, கார்த்திகையிலும் ஏற்காட்டில் இறங்கப் போகிறவர். வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர். அந்த மாதங்களில் அகலம் அவருக்கு எதிராக வேலை செய்யும்.

தேங்கிய நீரில் உருளும் டயர், தன் அகலத்துக்கு முன்னால் நிற்கும் நீர் முழுவதையும் விலக்கிவிட்டுத்தான் தரையைத் தொட வேண்டும். அகலம் கூடினால் விலக்க வேண்டிய நீரும் கூடுகிறது. முதல் பதிலில் நண்பர் விளக்கிய அதே குட்டையான வடிவம், உலர்ந்த சாலையில் எதைக் கொடுக்கிறதோ அதையே இங்கே பறித்துக்கொள்கிறது. தொடும் பகுதி நீளமாக இருந்தால் முன்பாதி நீரை வெளியேற்ற, பின்பாதி தரையைப் பிடிக்கும். அது குட்டையாக இருந்தால் நீர் வெளியேறுவதற்குள் டயர் கடந்துபோய், நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். புது டயரின் பள்ளம் 8 மி.மீ. அளவில் இருக்கும், சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்றாலும், 3 மி.மீ.க்குக் கீழே வந்த அகலமான டயரோடு மழையில் நூறில் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உலக ரேலிப் போட்டிகளில் தார்ச் சாலைக்கு 18 அங்குல ரிம்மில் 235 மி.மீ. டயரும், மண் சாலைக்கு 15 அங்குல ரிம்மில் 205 மி.மீ. டயரும், பனி மூடிய சுவீடன் ரேலியில் ஒடுங்கிய, ஆணி பதித்த டயரும் பயன்படுத்துகிறார்கள். பணத்துக்குக் குறைவில்லாத அணிகளும் தரை மாறும்போது அகலத்தைக் குறைத்துக்கொள்கின்றன. நம் ஊர்ச் சாலை ஒரே நாளில் தார், மணல், தேங்கிய நீர், பெயர்ந்த ஜல்லி எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆகையால் என் வாக்கு 185/65 ஆர்15-க்கே. பக்கச்சுவர் 120 மி.மீ. இருக்கும், வர்ணம் பூசாத வேகத்தடையில் ரிம் அடிவாங்காது.

விட்டமும் ஆரமும் எழுதியது:

நனைந்த சாலை அவர்கள் சொன்னதில் அடிப்படையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 185-க்கும் 195-க்கும் இடையே உள்ள 10 மி.மீ., நீரில் மிதப்பதைத் தீர்மானித்துவிடும் என்று நான் கருதவில்லை. அங்கே பள்ளத்தின் ஆழமும், அதன் அமைப்பும், காற்றழுத்தமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநரின் வேகமும் பெரிய பங்கு வகிக்கின்றன. 215-ஐப் பற்றிய பேச்சாக இருந்தால் உங்கள் பக்கமே நிற்பேன்.

கேட்டவருக்கு ஒரு வழி சொல்கிறேன். 15 அங்குலத்தில் 6ஜே ரிம்மை வாங்கிவிடுங்கள். அந்த ஒரே ரிம்மில் 185/65-உம் போடலாம், 195/60-உம் போடலாம். இரண்டுக்கும் அது வரம்பின் நடுவை ஒட்டியே அமையும். 185-ஐ 6ஜேயில் போடும்போது பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்பதால், நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் தாமதம் பெருமளவு போய்விடும். முதலில் நல்ல கலவையில் 185 வாங்கி, அது தேயும் வரை ஓட்டிப் பார்த்து, போதவில்லை என்றால் அடுத்த முறை 195-க்குப் போகலாம். ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. எந்த ரிம்மானாலும் வாங்குவதற்கு முன் தராசில் வைத்து எடை போட்டுப் பாருங்கள்; ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையும் அதிகபட்சப் பாரமும் பொறித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். எட்டு கிலோவுக்கு மேற்பட்ட 15 அங்குல ரிம்மை நான் எடுக்க மாட்டேன்.

காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். டயர் மாறிய பிறகு சமதளமான தார்ச் சாலையில் ட்ரெட்டின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு ஒன்று போட்டு, நேராகச் சிறிது தூரம் உருட்டிப் பாருங்கள். கோடு முழுவதும் ஒரே சீராக அழிந்தால் அழுத்தம் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களிலும் அழிந்தால் காற்று குறைவு. ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாற்றித் திரும்பவும் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனாலும் புது ரிம் வாங்கியவர்களில் இதைச் செய்து பார்ப்பவர்கள் அரிது.

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

தெளிவு கிடைத்தது. 15×6ஜே, ஈடி 45 ரிம்மும் 185/65 டயரும் என்று முடிவு செய்துவிட்டேன். டயர் மாற்றும்போதே முன் ஷாக் அப்சார்பர்களையும் பார்க்கச் சொல்கிறேன். ஸ்டெப்னி பழைய 14 அங்குல இரும்பு ரிம்மாகவே இருக்கும். வழியில் பஞ்சரானால் அதைப் போட்டு ஓட்டலாமா?

பட்டறை வாசல் எழுதியது:

ஓட்டலாம். விட்ட வேறுபாடு 2 மி.மீ. அளவுதான் என்பதால் டிஃப்ரன்ஷியலுக்கு (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தரும் பல்சக்கர அமைப்புக்கு) கேடு வராது. ஆனால் முன்பக்கம் ஒரு பக்கம் 165-உம் மறுபக்கம் 185-உம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர் பஞ்சரானால் பின்னால் இருக்கும் நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். எண்பதைத் தாண்டாமல் ஊர் வந்து சேருங்கள். அலாய்க்குப் புது நட்டு கொடுத்தார்கள் என்றால் பழைய இரும்பு ரிம் நட்டுகளை வீசிவிடாமல் ஸ்டெப்னிக் குழியிலேயே ஒரு பையில் கட்டிப் போட்டு வையுங்கள். அமரும் சரிவு இரண்டுக்கும் வேறாக இருந்தால் ஒன்றின் நட்டு மற்றொன்றில் இறுகியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளர்ந்துவிடும். புது ரிம் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு, திரும்பவும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.